சும்மா வாங்க

காலை ஆறே முக்காலுக்கு முதலில் கண்ணில் பட்டவை நாற்காலிகள். குன்னூர் மார்க்கெட்டிலிருந்து எங்கள் தெருவுக்கு ஏறும் படிகளில் மூட்டம் இன்னும் விலகவில்லை. அதற்குள்ளிருந்து மடக்கு நாற்காலிகள் கால்களை மேலே நீட்டிக்கொண்டு வந்தன. பிறகுதான் அவற்றைச் சுமந்து வந்த ஆட்களின் தலை தெரிந்தது. அவர்களுக்குப் பின்னால் பச்சை ஸ்வெட்டர் போட்ட ஒரு அம்மா. ஒரு கையில் குடை, இன்னொரு கையில் செருப்பு. படிகளில் பாசி பிடித்திருந்ததால் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டிருந்தார்.

பக்கத்து வீடு வெகு நாட்களாகப் பூட்டிக் கிடந்தது. நான் ஒரு தமிழ் நாளிதழுக்குக் குன்னூர் நிருபர். குடிவருகிறவர்கள் முதலில் எதை உள்ளே கொண்டுபோகிறார்கள் என்று பார்ப்பது தொழில் கொடுத்த பழக்கம். சாமி படம் போகும், நிறைகுடம் போகும், அரிசியும் உப்பும் போகும். நாற்காலிகள் முதலில் போன வீட்டை அன்றுதான் பார்த்தேன். அடுப்பு மறுநாள் வந்தது.

அடுப்பு வரவில்லையே என்று என் மனைவி டீ போட்டுக் கொண்டுபோனாள். திரும்பி வந்தபோது முகத்தில் குழப்பம்.

"என்ன கேட்டாங்க தெரியுமா? ஞாயித்துக்கெழமையானா நீங்கல்லாம் யாரு ஊட்டுல கூடுவீங்கன்னு கேக்கறாங்க."

"நீ என்ன சொன்னே?"

"துணி தொவைப்போம்னு சொன்னேன்."

தெருவில் அவருக்கு 'பாங்காக் அம்மா' என்று பெயர் விழுந்தது. அவருக்கு அது பிடிக்கவில்லை. "பாங்காக்ல நான் இருந்ததே கொஞ்ச நாளுங்க. சொல்றதுன்னா சியாங்மாய் அம்மான்னு சொல்லச் சொல்லுங்க" என்பார். சியாங்மாய் எங்கள் தெருவில் யார் வாயிலும் நுழையவில்லை.

சொந்த ஊர் பொள்ளாச்சிப் பக்கம். கணவர் பாய்லர் மெக்கானிக். ஆலைகளிலும் பெரிய ஹோட்டல்களிலும் பாய்லர்களைப் பராமரிக்கும் ஒரு கம்பெனியில் சேர்ந்து தாய்லாந்துக்குப் போனவர். கம்பெனி அவரை ஊர் ஊராக மாற்றிக்கொண்டே இருந்தது. முதலில் பாங்காக், பிறகு நெடுங்காலம் சியாங்மாய், கடைசியாக புக்கெட். பிள்ளைகள் இல்லை. தேயிலை நன்றாக விலை போன காலத்தில் அந்த வீட்டை வாங்கினார்கள். குன்னூரைச் சுற்றி இத்தனை ஃபாக்டரிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் இலையைச் சூட்டில் உலர்த்தும் ஒரு டிரையர் இருக்கிறது, வந்து ஒரு பட்டறை போட்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்பது கணவரின் யோசனை. அந்த அம்மா குடிவந்தபோது தேயிலை விழுந்திருந்தது. பறிக்கிற கூலிக்குக்கூட இலை விலை கட்டவில்லை என்று சிறு விவசாயிகள் இலையைச் செடியிலேயே முற்ற விட்டார்கள். ஃபாக்டரிகள் வாரத்தில் பாதி நாள்தான் ஓடின.

பட்டறை ஓடுமா ஓடாதா என்று அந்த அம்மா கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை. அவருடைய கவலை வேறு. அதை என் மனைவியிடம் ஒரு நாள் சொல்லியிருக்கிறார். பாங்காக்கில் மாடி வீட்டில் பகல் முழுவதும் ஒற்றை ஆளாக இருந்து இருந்து, ஒரு கட்டத்தில் பேச்சே நின்றுபோய், கணவர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு அலைந்திருக்கிறார். அந்தப் பயம் அவருக்குப் போகவே இல்லை. குன்னூருக்கு அனுப்பும்போது, "ஒரு வருசம் இருந்து பாரு. உனக்குன்னு போக வர நாலு ஊடு அமைஞ்சிருச்சுன்னா நான் வேலைய உட்டுட்டு வந்தர்றேன். இல்லீன்னா ஊட்ட வித்துப்போட்டு நீ கெளம்பி வந்திரு" என்று சொல்லித்தான் அனுப்பினாராம்.

நாலு வீடு. அதற்குத்தான் அத்தனை நாற்காலிகள்.

எந்தக் கூட்டத்தைப் பார்த்தாலும் அந்த அம்மா அது எந்த ஊர் என்று சொல்லிவிடுவார். ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். முன்வரிசையில் எஸ்டேட் மேனேஜர்கள், அடுத்த வரிசையில் ஃபாக்டரி முதலாளிகள், பிறகு பாங்க்காரர்கள், கடைசியில் மற்றவர்கள். என் மனைவியின் காதில், "பாத்தீங்களா, பாங்காக்" என்றார். ஊட்டிக்குப் போகிற டூரிஸ்ட்டுகள் ரயில்வே ஸ்டேஷனில் ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டால், "இது புக்கெட்டுங்க" என்பார். சியாங்மாயை மட்டும் அவர் எங்கும் பார்க்கவில்லை. ஆனால் எந்த இடத்துக்குப் போனாலும் தேடினார்.

அவரை வைத்து ஞாயிறு இணைப்புக்கு ஒரு கட்டுரை எழுதலாம் என்று எனக்குத் தோன்றியது. மலையில் வேலை போய்க்கொண்டிருந்த நேரம். வெளிநாடு போக வழி உண்டா என்று இளைஞர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கே சம்பளம் என்ன, விசா எப்படி, வாடகை எவ்வளவு என்று கேட்டேன். அவர் சொன்னது இது:

"பாங்காக்ல நம்ம ஆளுக ஏகப்பட்ட பேரு இருக்காங்க. அதனாலயே யாருக்கும் யாரும் வேண்டாம். துணிக்கடைக்காரங்க ஒரு பக்கம், ரத்தினக்கல்லு யாவாரம் ஒரு பக்கம், கம்பெனி ஆபீசருக ஒரு பக்கம். கோயில்ல பாத்தாங்கன்னா மொதக் கேள்வியே, ஊட்டுக்காரர் எந்தக் கம்பெனி? பாய்லர்னு சொன்னா ஒரு சிரிப்பு சிரிச்சுட்டு அக்கட்ட திரும்பிக்குவாங்க. சியாங்மாய் அப்படியில்லீங்க. ஒரு சர்தார் குடும்பம், ரெண்டு தமிழ்க் குடும்பம், ஒரு நேபாளத்துக்காரர், ரிட்டயர்டு ஆகி வந்த வெள்ளக்கார வாத்தியார் ஒருத்தர். அவ்வளவுதான் ஆளு. புதுசா ஒருத்தர் பஸ் எறங்கினா உட மாட்டாங்க. ஞாயித்துக்கெழமை ஒரு ஊட்டுல கூடுவோம். ஆளுக்கு ஒண்ணு செஞ்சு எடுத்துட்டுப் போவோம். ஊட்டுக்காரர் என்ன வேலைன்னு ஆறு மாசங்கழிச்சுத்தான் கேட்டாங்க."

"புக்கெட்?"

"சீசன்ல அண்ணா, அக்கான்னு கழுத்தக் கட்டிக்குவாங்க. மழை புடிச்சா கடையச் சாத்திட்டுப் போயிருவாங்க. அடுத்த சீசனுக்கு அதே தையல்கடையில வேற மூஞ்சி. அங்க கேக்கறதெல்லாம், எப்பக் கெளம்பறீங்க?"

"சம்பளம்?"

"அது ஊட்டுக்காரருக்குத்தானுங்க தெரியும்."

இதை வைத்துக்கொண்டு என்ன எழுதுவது? எரிச்சலில், "சரி, குன்னூர் என்ன கேக்குதுங்க?" என்றேன்.

"இன்னும் ஒண்ணும் கேக்கலீங்க. பாத்துட்டிருக்கறேன்" என்றார்.

வந்த இரண்டாவது மாதம் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரச்சொன்னார். எங்களுக்கு அடுத்த வீட்டில் நடராஜன், ஒரு தேயிலை ஃபாக்டரியில் கிளார்க். அவர் மனைவி சாந்தாமணி கதவைப் பாதி திறந்துவைத்துக்கொண்டு கேட்டாள்:

"என்ன விசேசங்க?"

"விசேசம் ஒண்ணுமில்லீங்க. சும்மா வாங்க."

"பொறந்தநாளுங்களா?"

"இல்லீங்க. சும்மாதான்."

தெருமுனை மளிகைக் கடைக்காரரும் இதையே கேட்டார். இதே பதில். பின்கட்டில் குடியிருந்த பாக்கியம் மட்டும் கேள்வி கேட்காமல் தலையாட்டினாள். பாக்கியம் சின்ன வயதில் சிலோன் எஸ்டேட்டிலிருந்து குடும்பத்தோடு திரும்பி வந்தவள். இங்கேயும் தோட்டக் கூலிதான்.

அந்த அம்மா போனதும் மளிகைக்கடையில் ஆராய்ச்சி நடந்தது. "சோப்பு ஏஜென்சியா இருக்கும்" என்றார் கடைக்காரர். "டவுனுக்குள்ள இப்படித்தான் டீ குடிக்கக் கூப்படறாங்க. டீ குடிச்சு முடிக்கறக்குள்ள பத்துப் பேர மெம்பராச் சேத்துங்கன்னு ஆரம்பிச்சர்றாங்க." சாந்தாமணிக்கு அது ஜெபக் கூட்டமாக இருக்குமோ என்று சந்தேகம். நெற்றியில் குங்குமம் இருக்கிறதே என்று என் மனைவி சொன்னதற்கு, "மொதல்ல இருக்கும்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை நானும் என் மனைவியும் போனோம். நாற்காலிகள் வட்டமாகப் போட்டிருந்தன. எதில் உட்கார்ந்தாலும் இரண்டு பக்கமும் காலி. பாக்கியத்துக்கு அன்று ஓவர்டைம். வட்டத்தில் நாங்கள் மூன்று பேரும் எதிரெதிராக உட்கார்ந்து சத்தமாகப் பேசிக்கொண்டோம். இருட்டத் தொடங்கியதும் அந்த அம்மா எழுந்து லைட்டைப் போட்டார்.

"கெடச்சிருச்சுங்க, உங்க குன்னூர் கேக்கற கேள்வி" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். "என்ன விசேசம்?"

விசேஷம் இல்லாமல் எங்கள் பக்கம் யாரும் யார் வீட்டுக்கும் போக மாட்டார்கள் என்று இல்லை. போவார்கள். ஆனால் வெறுங்கையோடு போக மாட்டார்கள். ஒரு வர்க்கி பிஸ்கட் பாக்கெட், குழந்தைக்கு இரண்டு ஆப்பிள், ஒன்றுமில்லாவிட்டால் கொஞ்சம் பூ. தேயிலை விழுந்த பிறகு அந்த வர்க்கி பாக்கெட் யோசிக்க வேண்டிய பொருளாகிவிட்டது. நாம் போனால் அவர்கள் டீ வைக்க வேண்டும், பால் வாங்க வேண்டும் என்ற யோசனையும் சேர்ந்துகொண்டது. எங்கள் தெருவில் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவது அந்த வருடம் நின்றுபோயிருந்தது. யாருக்கும் யாரோடும் சண்டை இல்லை. என் மனைவி இதை அந்த அம்மாவுக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னாள். கடையில் காசு கொடுத்து வாங்கத்தான் கஷ்டப்படுகிறார்கள், அதுதான் தயக்கம் என்று.

அவர் முகம் தெளிந்துவிட்டது. "அட, அவ்வளவுதானா? அப்ப எதையும் வாங்க வேண்டாம். ஊட்டுல பண்ணறதுல ஆளுக்கு ஒண்ணு எடுத்துட்டு வரட்டும். சியாங்மாய் மாதிரி."

"வேண்டாங்க" என்றாள் என் மனைவி.

"நீங்க பாருங்க" என்றார் அந்த அம்மா.

மறுநாளே மறுபடியும் வீடு வீடாகப் போனார். தண்ணீர்க் குழாயடியில் சாந்தாமணி என் மனைவியைப் பிடித்துக்கொண்டாள்.

"விருந்துக்குக் கூப்படறாங்களாம், சோத்தையும் நாமளே கொண்டு போகோணுமாம். இது எந்த ஊரு ஞாயம்?"

"சியாங்மாய் ஞாயம்."

"கிண்டல் பண்ணாதீங்க. நாலு பேரு முன்னால மூடியத் தொறந்து வெக்கோணுமல்ல? எம்பட ஊட்டு அரிசிம்பருப்புச் சோத்த எங்கத்த வெக்கறது? இந்த மாசம் நெய்கூட வாங்கல."

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நடந்ததை என் தொழிலில் எழுதுவதுபோல எழுதினால்: பாத்திரங்கள் வந்தன, ஆட்கள் வரவில்லை. சாந்தாமணி ஒரு தூக்குப்போசியை வாசற்படியில் வைத்துவிட்டு, "அவசர வேலைங்க" என்று போய்விட்டாள். கடைக்காரர் மிக்சர் பொட்டலம் கொடுத்தனுப்பினார். மேல்தெருவிலிருந்துகூட மூடிய கிண்ணங்கள் வந்தன. ஏதோ நோன்புக்குப் பங்கு கேட்கிறார்கள் என்று அங்கே புரிந்துகொண்டிருக்கிறார்கள். பாக்கியம் மட்டும் றொட்டியும் சம்பலும் எடுத்துக்கொண்டு நேரில் வந்து, நாற்காலியில் உட்காராமல் கதவோரம் குத்தவைத்தாள்.

"சிலோன்ல லயத்து வீட்டுல இருக்கச்சே இந்த அழைக்கிற வேலையே கெடையாதுங்கம்மா. கதவு தொறந்து கெடந்தா உள்ளார போயிருவோம். யாராச்சும் வந்து அழைச்சாத்தான் பயம், எந்தக் கெழவன் செத்தானோன்னு" என்றாள். அன்று அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது அந்த ஒரு முறைதான்.

பிறகு பாத்திரங்கள் திரும்பின. எங்கள் பக்கம் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் இல்லை. அந்த அம்மாவும் பொள்ளாச்சிக்காரர்தானே, மறக்கவில்லை. தேங்காய்ப்பால் ஊற்றிப் பிசுபிசுவென்று ஒரு தாய்லாந்து இனிப்புச் சோறு செய்து எல்லாப் பாத்திரத்திலும் நிரப்பி அனுப்பினார். சாந்தாமணி வீட்டுப் பிள்ளைகள் அதை வாயில் வைக்கவில்லை. ஆனால் இப்போது அந்த அம்மாவின் கிண்ணம் ஒன்று அவள் வீட்டில் இருந்தது. அதை வெறுமையாக அனுப்ப முடியாது. இருந்த மாவில் கச்சாயம் சுட்டு அனுப்பினாள். கச்சாயம் போன போசி கொழுக்கட்டையோடு வந்தது. கொழுக்கட்டை வந்த கிண்ணம் சுண்டலோடு போனது. வாரக்கணக்கில் இப்படி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருபதடி தூரம். இரண்டு பெண்களும் ஒரு முறைகூட உட்கார்ந்து பேசவில்லை.

"அந்தப் போசி படி ஏறும்போதே நான் மாவு டப்பாவத் தொறந்து பாக்கறனுங்க" என்று சாந்தாமணி என் மனைவியிடம் அழுதேவிட்டாள். "ஃபாக்டரில சம்பளம் எப்ப வருதுன்னே தெரியல. அந்தம்மா ஒரு வாட்டி வெறும் போசியக் குடுத்தா ஆகாதா?"

என் மனைவி இதையும் போய்ச் சொன்னாள். அந்த அம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "இத மொதல்லயே சொல்லியிருக்கலாமல்லங்க? நான் அவங்களுக்கு ஆசைன்னு நெனச்சு விடிஞ்சா அரைச்சுட்டிருக்கறேன்." மறுநாள் காலை தூக்குப்போசியைப் புளி போட்டுத் தேய்த்து, துடைத்து, பளபளவென்று, வெறுமையாகத் திருப்பிக் கொடுத்தார்.

சாந்தாமணி அதை உள்ளே எடுத்துப் போய்ப் பார்த்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். "பாத்தீங்களா, உங்க சகவாசம் போதும்னு சொல்லாமச் சொல்றாங்க" என்றாள்.

"நீதான வெறும் போசியக் குடுக்கச் சொன்னே?"

"அதுக்கு? ரெண்டு பூவாச்சும் உள்ள போட்டுருக்கலாமல்ல?"

நான் பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டேன். இரண்டு பேர்மேலும் கோபம் வந்தது. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாததால் வந்த கோபம். இரண்டு பேரும் செய்தது தப்பு என்று சொல்ல எதுவுமில்லை.

இலை விலைக்காக ஊட்டி ரோட்டில் மறியல் நடந்த நாளில் அவரை நான் எதிர்பார்க்காத இடத்தில் பார்த்தேன். செய்தி சேகரிக்கப் போயிருந்தேன். இரண்டு பக்கமும் பஸ்கள் நின்றன. படுகர் கிராமத்துப் பெண்கள் தலையில் வெள்ளைத் துணி சுற்றிக்கொண்டு நடுரோட்டில் உட்கார்ந்திருந்தார்கள். வெயில் ஏறியதும் வீட்டிலிருந்து கொண்டுவந்த பாத்திரங்களைத் திறந்தார்கள். ஒருத்தி களியைப் பிய்த்து அடுத்தவளுக்குக் கொடுத்தாள். இன்னொருத்தி அவரைக் குழம்பை எல்லார் தட்டிலும் ஊற்றிக்கொண்டு போனாள். அவர்களுக்கு நடுவே ஒரு பச்சை ஸ்வெட்டர்.

"என்னங்க இங்க?"

"பஸ்ஸுல போயிட்டிருந்தனுங்க, நிறுத்திட்டாங்க. எறங்கிப் பாத்தா..." வாயில் களி இருந்தது. விழுங்கிவிட்டுச் சொன்னார். முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. "இதுதானுங்க சியாங்மாய்."

பக்கத்திலிருந்த பெண் என்னிடம், "இந்த அக்கா எந்த ஊரு சார்? நம்மள ஞாயித்துக்கெழமை வீட்டுக்கு வரச்சொல்லுது" என்று சிரித்தாள். பிறகு அவரிடம் திரும்பி, "எலைக்கு வெலை வரட்டும்க்கா. எல்லாரும் வர்றோம்" என்றாள்.

மறுநாள் வேறொரு பத்திரிகையில் மறியல் படம் வந்தது. முன்வரிசையில், விலை கேட்கும் அட்டைக்குக் கீழே, அந்த அம்மா. விவசாயிகளின் கோபம் இலை வாங்கும் ஃபாக்டரிகள்மேல். நடராஜன் வேலை பார்த்ததும் அப்படி ஒரு ஃபாக்டரியில்தான். மேனேஜர் அவரைக் கூப்பிட்டு, "இந்தம்மா உங்க தெருதானே?" என்று மட்டும் கேட்டிருக்கிறார். அன்று சாயங்காலம் நடராஜன் என்னிடம் வந்தார்.

"சார், நீங்க பழகுங்க. உங்களுக்குப் பரவால்ல. எனக்கு இருக்கறதே வாரத்துல மூணு நாள் வேலை. அதையும் கெடுத்துக்க முடியாதுங்க."

நான் போய்ச் சொன்னேன். அந்த அம்மா திகைத்துப்போனார். "நான் எதுக்கும் உக்காரலீங்களே. சும்மாதானுங்க உக்காந்தேன்" என்றார்.

அதை நான் நம்பினேன். தெருவில் வேறு யாரும் நம்பவில்லை. மறியலில் சும்மா உட்கார்கிற ஆள் உண்டா என்று கடைக்காரர் கேட்டார்.

வைகாசியில் கணவர் லீவில் வருவதாக இருந்தது. வருடமும் முடிகிற நேரம். அதற்கு இரண்டு நாள் முன்பு அந்த அம்மா எங்கள் சமையலறையில் வந்து நின்றார்.

"போன்ல நாலு ஊடு இருக்குன்னு சொல்லிட்டனுங்க."

"எந்த நாலு?" என்றாள் என் மனைவி.

"உங்க ஊடு. பாக்கியத்தோட ஊடு." அதற்கு மேல் அவரால் சொல்ல முடியவில்லை. "ஒரே ஒரு தடவ எல்லாரும் வந்துட்டாப் போதுங்க. அவரு கண்ணுல பாத்துட்டாருன்னா வந்துருவாரு. அப்பறம் நானாச்சு, மெதுவாப் பழகிக்குவேன்."

என் மனைவி முந்தானையைச் செருகிக்கொண்டு கிளம்பினாள். இந்தத் தடவை அவளே ஒவ்வொரு வாசலாகப் போய்ச் சொன்னாள்: "பாங்காக் அம்மாவோட ஊட்டுக்காரர் தாய்லாந்துலருந்து வர்றாரு. ஞாயித்துக்கெழமை பாக்கக் கூப்படறாங்க." அவ்வளவுதான் சொன்னாள். என்ன விசேஷம் என்று யாரும் கேட்கவில்லை.

மூன்று மணிக்கே வர ஆரம்பித்தார்கள். வர்க்கி பாக்கெட்டுகள், ஆப்பிள்கள், பூ. நடராஜன் சட்டைக்கு இஸ்திரி போட்டு, சாந்தாமணியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். கடைக்காரர் தன் மச்சினனோடு வந்தார். கீழ்த்தெரு, மேல்தெரு எல்லாம் வந்தது. நாற்காலிகள் போதாமல் எங்கள் வீட்டு பெஞ்சையும் தூக்கிப் போட்டோம்.

கணவர் குட்டையான, சாதுவான மனிதர். பாய்லர் சத்தத்திலேயே இருந்து காது கொஞ்சம் மந்தம், அதனால் குரல் பெரிது. "நாலு ஊடுன்னுதான சொன்னே? ஊரே வந்திருக்குது!" என்று சமையலறைப் பக்கம் பார்த்துக் கத்தினார். அவர் கண் கலங்கியிருந்தது.

பிறகு கேள்விகள் வந்தன. சம்பளம் எவ்வளவு, விசா யார் எடுத்துத் தருவார்கள், வயது வரம்பு உண்டா, தங்க இடம் கொடுப்பார்களா. என் கட்டுரைக்கு நான் கேட்டு வாங்க முடியாத எல்லாவற்றையும் அவர் விரல் மடக்கிச் சொன்னார். மச்சினனுக்கு ஒரு வழி பண்ண முடியுமா என்று கடைக்காரர் கேட்டார். நடராஜன் தனக்கே கேட்டார். ஃபாக்டரியை மூடப்போகிறார்கள் என்று அப்போதுதான் எங்களுக்கெல்லாம் தெரிந்தது.

அந்த அம்மா டீ டம்ளர்களோடு நாற்காலிகளுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தார். "ஏனுங்கக்கா, அங்க எந்த ஊரு நல்லதுங்க?" என்று நடராஜன் அவரிடம் கேட்டார். எங்களையும் 'என்ன விசேசம்' என்பதையும் விட்டால், ஒரு வருடத்தில் அந்தத் தெருவில் ஒருவர் அவரிடம் கேட்ட முதல் கேள்வி. டம்ளர் தட்டை இடுப்பில் சாய்த்துக்கொண்டு ஆரம்பித்தார். "சியாங்மாய்தானுங்க. அங்க ஆளு கம்மி. ஞாயித்துக்கெழமையானா..."

"அங்க சம்பளம் எப்படிங்க?" என்று நடராஜன் கணவர் பக்கம் திரும்பினார்.

"சியாங்மாயில இப்ப ஆள் எடுக்கறதில்ல" என்றார் கணவர். "புக்கெட்தான்."

மறுநாள் காலை கணவனும் மனைவியுமாக எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, இத்தனை நாள் பார்த்துக்கொண்டதற்கு நன்றி என்றார். கம்பெனிக்கு இன்றே போன் செய்து வேலையை விடுவதாகச் சொல்லப்போகிறேன் என்றார். அந்த அம்மா அவருக்குப் பின்னால் நின்றார். அந்த அம்மா வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் போதும். என் மனைவி கண்ணைக்கூடக் காட்டினாள்.

"நேத்து வந்தவங்க எனக்கு வந்தவங்க இல்லீங்க" என்றார் அந்த அம்மா.

கணவருக்குச் சரியாகக் காதில் விழவில்லை. அந்த அம்மா கொஞ்சம் சத்தமாகத் திரும்பச் சொன்னார்.

"அவங்க உங்களுக்கு வந்தவங்க. நீங்க இங்கியே இருந்துட்டா அவங்க எதுக்கு வருவாங்க?"

கணவர் என்னைப் பார்த்தார். "ஏனுங்க, இவ சொல்றது நெசமா?"

"நாங்க வருவோங்க. பாக்கியம் வருவாங்க" என்றேன்.

"ரெண்டு ஊடு" என்றார் கணவர்.

என் மனைவிக்குக் கோபம் வந்துவிட்டது. "ரெண்டு ஊடு பத்தாதா? நாங்கல்லாம் மனுசங்க இல்லியா? ஒரு வருசமா உங்களுக்கும் சாந்தாமணிக்கும் நடுவுல கெடந்து நான் பட்ட பாடு..."

அந்த அம்மா அவள் கையைப் பிடித்தார். "நீங்க இல்லீன்னா நான் எப்பவோ போயிருப்பனுங்க. ஆனா ரெண்டே ஊடுன்னா தெனமும் உங்க கதவத்தான தட்டுவேன்? பாங்காக்ல பக்கத்து ஃப்ளாட்டு அம்மாவும் உங்கள மாதிரித்தான் மொத நாளே டீ கொண்டாந்தாங்க. ரொம்ப நல்லவங்க. நான் தெனமும் போய்த் தட்டுவேன். ஒரு நாள் தட்டறேன், தொறக்கல. கதவுக்கு அடியில அவங்க காலு தெரிஞ்சுது. சத்தம் போடாம நின்னுட்டிருந்தாங்க." பிடித்திருந்த கையை விட்டார். "அந்தக் காலு இந்த ஊட்டுலயும் தெரிய வேண்டாமுங்க."

"நான் அப்படி நிப்பனா?" என்றாள் என் மனைவி. குரலில் முன்பிருந்த வேகம் இல்லை.

ஆனி பிறந்ததும் இருவரும் புக்கெட்டுக்கே கிளம்பினார்கள். நடராஜனும் அவர்களோடு போனார், புக்கெட்டில் ஒரு ஹோட்டல் ஸ்டோரில் வேலைக்கு. வழியனுப்ப பஸ் ஸ்டாண்டுக்குத் தெருவிலிருந்து நிறையப் பேர் வந்திருந்தார்கள். வீட்டை விற்றுக்கொடுக்கும் பொறுப்பை மார்க்கெட்டில் ஒரு புரோக்கரிடம் ஒப்படைத்தார்கள். வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காகச் சாவி எங்கள் வீட்டு ஆணியில் தொங்கியது.

அந்த வருடம் வீட்டைப் பார்க்க ஒருவரும் வரவில்லை.